வெர்னனுக்கு முன்னால் வெடித்த டயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சஸில் டல்லாஸிலிருந்து அமரில்லோ போகிறவர்களுக்கு 287-ஆம் நெடுஞ்சாலை பழக்கமாக இருக்கும். விசிட்டா ஃபால்ஸைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வெட்டவெளி. பருத்திக் காடு, மாட்டுப் பண்ணை, அங்கங்கே தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்று பம்பு. அந்தச் சாலையில், எலெக்ட்ரா ஊரைத் தாண்டி வெர்னனுக்குச் சுமார் 12 மைல் இருக்கும்போது, பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் எங்கள் வீட்டுவண்டியின், அதாவது டிராவல் டிரெய்லரின், வலப்பக்கப் பின் டயர் வெடித்தது. 2024 ஜூன், பிற்பகல் மூன்று மணி. பிக்கப்பின் திரை வெளிவெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது. யாருக்கும் அடி இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "டெக்சஸ் வெயில், டயர் போகாம என்ன செய்யும்." அன்று அதே சாலையில் அதே வெயிலில் நூற்றுக்கணக்கான டிரெய்லர்கள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. அதனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மிச்சமிருந்த டயர்களை அளந்து, வண்டியை எடைபோட்டு, இரண்டு டயரை அறுத்தும் பார்த்தேன். அந்த டயர் கெட ஆரம்பித்தது நெடுஞ்சாலையில் இல்லை, அதற்கு முன் பத்து மாதம் அசையாமல் நிறுத்தியிருந்த இடத்தில் என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. எப்படி அங்கே வந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

வண்டியும் டயரும்

டிரெய்லர் 24 அடி நீளம், இரண்டு அச்சு, நான்கு சக்கரம். சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 6,800 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இடப்பக்க முன்மூலையில் ஒட்டிய தகட்டில் இருக்கிறது. 2021-இல் பழைய வண்டியாக வாங்கினேன். டயர்கள் வண்டியோடு வந்தவை: எஸ்டி 205/75 ஆர்14, சுமை வகை சி. எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்யப்பட்டது என்று அர்த்தம். கார் டயரைவிடப் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். இந்த அளவில் சி வகை டயர் 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டு, ஏறக்குறைய 800 கிலோ தாங்கும். நான்குக்கும் சேர்த்து 7,040. காகிதத்தில் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டயரின் வயதைத் தெரிந்துகொள்ள, பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். என் டயரில் 4618. அதாவது 2018-ஆம் ஆண்டின் 46-ஆவது வாரம். வெடித்த அன்று வயது ஐந்தரையைத் தாண்டிவிட்டது. இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். என் வண்டியில் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. மூன்று வருடம் அந்த வண்டியை இழுத்திருக்கிறேன், ஒருநாள்கூட கீழே படுத்துப் பார்க்கவில்லை. வெளியே நின்று பார்த்தால் டயரின் பள்ளங்கள் புதுசு மாதிரியே ஆழமாக இருந்தன. கார் டயர் தேய்ந்து சாகும், டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே கிழமாகிவிடும். வருடத்தில் இரண்டாயிரம் மைல்கூட ஓடாத வண்டியில் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அன்று நடந்தது

காலை பத்து மணிக்கு, வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினோம். சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டேன், விளக்குகளைச் சோதித்தேன், பிரேக்கையும் சோதித்தேன். டயரைக் காலால் ஒரு உதை விட்டேன். அவ்வளவுதான் டயர் சோதனை. காற்று அளக்கும் மானி பிக்கப்பின் கையுறைப் பெட்டியிலேயே கிடந்தது.

போகிற இடம் பாலோ டியூரோ பள்ளத்தாக்கு. நாங்கள் நால்வர், கூட மனைவியின் தம்பி. சாலையில் 75 மைல் வரை அனுமதி உண்டு. நான் 70, 72-இல் போய்க்கொண்டிருந்தேன். டயரில் வேக எழுத்து எதுவும் இல்லை. அப்படி எழுத்து போடாத எஸ்டி டயருக்கு 65 மைல்தான் எல்லை என்பது எனக்கு அன்று தெரியாது.

வெடித்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டு அச்சு வண்டியில் ஒரு டயர் போனாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும், ஸ்டியரிங்கில் பெரிதாக எதுவும் தெரியாது. பிக்கப்பின் டேஷ்போர்டில் அதன் நான்கு டயருக்கும் காற்றழுத்தம் வரிசையாக, எல்லாம் நலம் என்று இருந்தது. அமெரிக்காவில் 2000-இல் வந்த டயர் பாதுகாப்புச் சட்டத்தின் தொடர்ச்சியாகக் கார்களுக்கும் சிறு வண்டிகளுக்கும் அழுத்தம் காட்டும் கருவி கட்டாயமானது. டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். "மாமா, கண்ணாடியில பாருங்க, என்னமோ கறுப்பா பறக்குது" என்றான் மைத்துனன். பிரேக்கை அழுத்தாமல் காலை மட்டும் எடுத்து, மெதுவாக ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் ரிம்மைச் சுற்றி இரண்டு பக்கச்சுவர் மட்டும் வளையம் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் படும் பட்டை முழுதாக உரிந்து எங்கோ போய்விட்டது. போகும்போது சும்மா போகவில்லை. சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மூடியை அடித்து உடைத்து, அந்தச் சக்கரத்தின் மின்பிரேக் கம்பியையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அந்த லாரிக்காரரும் முன்னால் போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார், அறுபதைத் தாண்டியவர். வெடித்த டயரை அவர் ஒரு நொடிதான் பார்த்தார். நேராக முன்டயருக்குப் போய், உள்ளங்கையை அதன் மேல் வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். சின்ன மேடு. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த அளவுகூட இல்லை. ஆனால் இருந்தது. "அடுத்தது இது" என்றார். சின்ன வயதில் நாமக்கல் பக்கத்து லாரி கிளீனர்கள் வண்டி நின்றதும் இரும்புக் கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் கையிலும் ஒரு மரத்தடி இருந்தது. அதே தட்டு, அதே சாய்ந்த காது.

ஸ்டெப்னி மாற்றியது தனிக்கதை. பிக்கப்போடு வந்த ஜாக்கி டிரெய்லருக்கு ஆகாது. அச்சுக் குழாய்க்கு அடியில் ஜாக்கி கொடுத்தால் அச்சு வளைந்துவிடும், சட்டத்துக்கு அடியில்தான் கொடுக்க வேண்டும். எங்களிடம் அந்த உயரத்துக்கு ஜாக்கி இல்லை. மட்டம் செய்யக் கொண்டுபோன பிளாஸ்டிக் கட்டைகளைப் படிபோல் அடுக்கி, நட்டுகளை முதலிலேயே தளர்த்திவிட்டு, வலது முன்சக்கரத்தை அதன் மேல் ஏற்றினோம். பின்சக்கரம் தரையைவிட்டு எழுந்தது. இரண்டு அச்சு வண்டிக்கு மட்டும் வாய்க்கும் வசதி இது. ஸ்டெப்னியில் 28 பிஎஸ்ஐ இருந்தது, அதன் எண்ணும் 4618. சின்ன பம்பில் 50 வரை அடித்து, 45 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் வெர்னன் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிரவு இன்னொன்று

வெர்னனில் ஒரு சிறிய முகாமிடத்தில் தங்கினோம். தரை சற்றே சரிவு. எல்லோருக்கும் களைப்பு, இருட்டு வேறு. நான் தண்ணீர்க் குழாயைத் தேடப் போன நேரத்தில் மைத்துனன் உதவுகிற எண்ணத்தில் முன்ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரைக் கொக்கியிலிருந்து தூக்கிவிட்டான். சக்கரத்துக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. வண்டி பின்னோக்கி அரையடி நகர்ந்தது. முன்ஜாக்கியின் பாதம் சரளையில் கோடு கிழித்துக்கொண்டே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சங்கிலிகளை அவன் கழற்றியிருக்கவில்லை. அவைதான் இழுத்துப் பிடித்தன.

நம் ஊர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. டிரெய்லருக்கும் அதேதான். இப்போது எங்களிடம் ஒரு வரிசை இருக்கிறது, யாரும் அதை மாற்றுவதில்லை. முதலில் ரசமட்டம் வைத்து இட வலம் பார்ப்பது. தாழ்ந்த பக்கச் சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றுவது பிக்கப் இழுக்கும்போதுதான் முடியும், கழற்றிய பிறகு முடியாது. அப்புறம் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. இரண்டு டயருக்கு நடுவே வைத்துத் திருகி இறுக்கும் பூட்டும் போடுவோம். ஆனால் அது ஆட்டத்தைக் குறைக்கத்தான், முட்டுக்கட்டைக்குப் பதிலாக அல்ல. அதன்பிறகே கொக்கியைக் கழற்றுவது. முன்பின் மட்டத்தை முன்ஜாக்கி பார்த்துக்கொள்ளும். சங்கிலி கடைசியில். நான்கு மூலையிலும் இறக்கும் தாங்குகால்கள் வண்டி குலுங்காமல் இருக்க மட்டுமே, அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது.

மற்ற மூன்று டயர்கள் சொன்னது

வெடித்த டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்பதை நேராக அறிய வழியில்லை. ஆனால் அதோடு பிறந்து, அதோடு நின்று, அதோடு ஓடிய மூன்று டயர்கள் இருந்தன. மறுநாள் விடியற்காலை, வெயில் ஏறும் முன் அளந்தேன். இடது முன் 43, இடது பின் 42, வலது முன் 39. ஆகவே வெடித்ததிலும் கிளம்பும்போது 40-ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். முந்தைய ஆகஸ்டில் வண்டியை நிறுத்தும்போது 50 அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஓட்டை எதுவும் இல்லை. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ ரப்பர் வழியாகவே கசிந்துவிடும். பத்து மாதத்துக்கு பத்து பிஎஸ்ஐ. 40-இல் இருக்கும் ரேடியல் டயர் கண்ணுக்கும் உதைக்கும் 50 மாதிரியேதான் இருக்கும்.

இந்த அளவு டயருக்கான சுமை அட்டவணையில் 50 பிஎஸ்ஐக்கு 1,760, 45-க்கு 1,640, 40-க்கு 1,530 பவுண்டு. பத்து பிஎஸ்ஐ குறைந்ததில் ஒவ்வொரு டயரும் 230 பவுண்டு தாங்கும் சக்தியை இழந்திருந்தது.

எடை

ஊர் திரும்பியபின் அதே சாமான்களை ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, லாரிகள் நிற்கும் இடத்தில் அவற்றை எடைபோடும் கேட் (CAT) நிறுவன எடைமேடைக்குப் போனேன். கொக்கியில் விழும் எடையை இரண்டு வண்டிக்கும் பகிரும் கம்பிகளைக் கழற்றிவிட்டு நிறுத்தினால், டிரெய்லரின் இரு அச்சுகளிலும் சேர்த்து 6,240 பவுண்டு. பிக்கப்பைத் தனியாகவும் எடைபோட்டுக் கழித்ததில் கொக்கியில் 760. மொத்தம் 7,000. தகட்டில் உள்ள எல்லையைவிட 200 அதிகம்.

அதைவிட முக்கியமானது அடுத்த சீட்டு. அங்கிருந்தவரிடம் அனுமதி கேட்டு, வலப்பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறுமாறு நிறுத்தினேன். 3,420. அப்படியானால் இடப்பக்கம் 2,820 தான். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 600 பவுண்டு வித்தியாசம்! யோசித்தால் ஆச்சரியமில்லை. அடுப்பு, பிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வலப்பக்கம். 40 காலன் தண்ணீர்த் தொட்டியும் அந்தப் பக்கக் கட்டிலுக்கு அடியில், அது மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். அதற்குமேல் எங்கள் பங்காகக் கருவிப் பெட்டி, அரிசி மூட்டை, வெட் கிரைண்டர். (பள்ளத்தாக்கில் இட்லி சாப்பிட வேண்டும் என்பது யாருடைய யோசனை என்று இங்கே எழுதினால் வீட்டில் பிரச்சினை.)

வலப்பக்கம் டயர் ஒன்றுக்கு 1,710 பவுண்டு. 50 பிஎஸ்ஐ இருந்திருந்தால் 50 பவுண்டு மிச்சம் வைத்து நொண்டியிருக்கும். 40-இல் அது தாங்கக்கூடியது 1,530. ஆக ஒவ்வொன்றும் 180 பவுண்டு கூடுதலாகச் சுமந்துகொண்டு, எல்லையை மீறிய வேகத்தில், அந்த வெயிலில் 170 மைல் ஓடியிருக்கிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்வதே உள்ளே சூடாக மாறும். இரும்புக் கம்பிப் பட்டைகளின் ஓரத்தில் ரப்பர் ஒட்டுவிட ஆரம்பிப்பது அந்தச் சூட்டில்தான். ஒட்டு விட்டபின் உரிவதற்கு அதிக நேரம் ஆகாது.

பத்து மாதம் நின்ற இடம்

வீட்டுமனைச் சங்கத்தின் விதிப்படி வாசலில் டிரெய்லர் நிறுத்த முடியாது. அதனால் ஊருக்கு வெளியே திறந்தவெளியில் மாத வாடகைக்கு இடம். சரளைத் தரை, வரிசையின் கடைசி. வண்டியின் மூக்கு கிழக்கே பார்த்திருந்தது, எனவே வலப்பக்கம் தெற்கு. பத்து மாதமும் வெயில் அந்தப் பக்கம்தான். இடப்பக்கத்துக்கு அடுத்த வண்டியின் நிழல் கிடைத்தது.

பழைய டயர்களைக் கழற்றியதும் நான்கையும் வீட்டுப் பின்புறத்தில் வரிசையாகச் சாய்த்துவைத்துப் பார்த்தேன். நான்காவது என்பது வெறும் இரண்டு வளையம், அதுவும் ஒரு சாட்சிதான். இடப்பக்க டயர்களில் பக்கச்சுவர் மந்தமான கறுப்பு, நகத்தால் அழுத்தினால்தான் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. வலப்பக்கத்தவை சாம்பல் பூத்திருந்தன. ரிம்மை ஒட்டி வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு, சில இடங்களில் நகத்தின் விளிம்பு உள்ளே போனது. டயர் ரப்பரில் வெயிலுக்கும் ஓசோனுக்கும் எதிராக ஒருவகை மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் ஓடி மடங்கும்போதுதான் அது உள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தப் பூச்சு கிடைப்பதில்லை. பளபளப்புக்காகப் பூசும் எண்ணெய் சார்ந்த திரவங்கள் இருப்பதையும் கரைத்துவிடும். முந்தைய வருடம் விற்கலாமா என்று யோசித்த சமயத்தில் நான் அதையும் பூசியிருந்தேன்.

லாரிக்காரர் மேடு கண்டுபிடித்த வலது முன்டயரை ஒரு டயர்க் கடையில் அறுத்துத் தரச் சொன்னேன். மேட்டுக்கு அடியில், கம்பிப் பட்டையின் ஓரத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு இடைவெளி. ரப்பர் அங்கே கம்பியைவிட்டுப் பிரிந்து, உரசி உரசி வழவழப்பாகியிருந்தது. பக்கத்து டயர் போனபின் நான் நிறுத்தும்வரை இரண்டின் எடையையும் இதுதான் தனியாகச் சுமந்திருக்கிறது, அதில் கொஞ்சம் பிரிந்திருக்கலாம். ஆனால் அந்த வழவழப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் வரக்கூடியதாகத் தோன்றவில்லை. இடது பின்டயரையும் அறுத்தோம். அதில் பிரிவு இல்லை.

ஒரே வயது, ஒரே ஓட்டம். ஒரு பக்கம் வெயிலும் எடையும் அதிகம், மறுபக்கம் இரண்டும் குறைவு. வெயிலின் பங்கு எவ்வளவு, எடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்த இடத்தில் பாதை குறுகல். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கூர்மையாக ஒடித்துத்தான் உள்ளே தள்ள முடியும். அப்படித் திருப்பும்போது இரண்டு அச்சுச் சக்கரங்களும் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். பக்கத்தில் நின்று பார்த்தால் டயர் ரிம்மைவிட்டு வெளியே பிதுங்கிச் சாய்வது தெரியும். கம்பிப் பட்டையின் ஓரத்துக்கு அது நல்லதல்ல.

இப்போது செய்வது

வெர்னனில் அந்த அளவில் சி வகை இரண்டுதான் கிடைத்தது, வலப்பக்கத்துக்கு வாங்கிப் போட்டோம். அறுந்த பிரேக் கம்பியை இணைத்த பிறகே கிளம்பினோம். பாலோ டியூரோவில் இறங்கும் சாலை செங்குத்து, ஒரு பிரேக் குறைவாக அதில் இறங்க எனக்குத் தைரியமில்லை. சக்கர நட்டுகளை 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி இறுக்கினேன். இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு நட்டு கால் சுற்று போனது.

ஊருக்கு வந்தபின் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் டி வகைக்கு மாற்றிவிட்டேன். அதே அளவுதான், 65 பிஎஸ்ஐயில் 2,040 பவுண்டு தாங்கும். மாற்றும் முன் ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும் எல்லையைப் பார்க்க வேண்டும், எல்லா ரிம்மும் 65-ஐத் தாங்காது. காற்று வால்வையும் உலோகத்துக்கு மாற்றினோம், அதன்மேல் அழுத்தம் காட்டும் சிறு கருவியைத் திருகியிருக்கிறேன். தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புகிறோம். கருவிப் பெட்டி இடப்பக்கம் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் 3,040-க்கு இறங்கியிருக்கிறது. கிரைண்டர் விஷயத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறது.

நிறுத்துமிடத்தில் டயருக்கு அடியில் மரப்பலகை. டயரின் பாதம் முழுதும் அதன்மேல் உட்கார வேண்டும், விளிம்பில் தொங்கக் கூடாது. நிறுத்தும்போது 65 முழுதாக அடித்து, வெள்ளைத் துணி உறை போடுகிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூக்கை மாற்றி நிறுத்துகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு போய், மானியால் அளந்து, வண்டியைக் கொக்கியில் மாட்டி அந்த வளாகத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. மைத்துனன் முட்டுக்கட்டையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான், சொல்லவே வேண்டியதில்லை.

போன மாதம் போனபோது பக்கத்து இடத்தில் ஒரு பெரிய டிரெய்லர் நின்றிருந்தது. தெற்குப் பக்க டயர்கள் சாம்பல் பூத்திருந்தன. குனிந்து பார்த்தேன், எண் வெளிப்பக்கமாகவே இருந்தது: 3915. உரிமையாளரை எனக்குத் தெரியாது. அந்த நான்கு இலக்கத்தையும் அதன் அர்த்தத்தையும் ஒரு சீட்டில் எழுதி, கதவு இடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.